கண்ணாடிக்கு ரெண்டு ஆள்

கண்ணாடிக் கடைக்கு மேல குடியிருக்கிற சுகம் என்னன்னு என்னைத்தான் கேக்கணும். விடிஞ்சதும் ஆரம்பிச்சிடும். கட்டரை இழுக்கிற கிறீச், மேசை விளிம்புல வச்சு ஒடிக்கிற டக், மிச்சம் மீதியை இரும்பு டிரம்முல கொட்டுற சடசட. நானும் போட்டிக்குத் தையல் மிஷினை மிதிப்பேன். எங்க ஜெயிக்கிறது. கடைசியில அந்தச் சத்தம் இல்லாத ஞாயித்துக்கிழமைதான் எனக்குக் காதுக்குள்ள என்னவோ அடைச்ச மாதிரி இருக்கும்.

கட்டிடத்துல கீழ முன்பக்கம் கடை, பின்பக்கம் கடைக்காரர் வீடு, மாடியில நான். என்னைத் தேடி வர்றது அளவு குடுக்க வர்றவங்களும் கீழ்வீட்டுக்காரியும் மட்டும்தான். கடைக்காரர் பொண்டாட்டியைத்தான் கீழ்வீட்டுக்காரின்னு சொல்றேன். வாய் நிறைய 'டெய்லரக்கா, டெய்லரக்கா'ன்னு கூப்பிடுவா. நல்லவ. ஆனா ஒரு விஷயத்தை மனசுல வச்சிருக்கத் தெரியாது, எல்லாருக்கும் எல்லாமும் நல்லா முடியணும்னு குறுக்கப் புகுந்து வேலை பாப்பா. அதுல வந்த வினைதான் இந்தக் கதை.

அவளுக்கு ஒரே தம்பி. அப்பா அம்மா போனப்புறம் இவதான் வளத்தா. வெளியூர்ல ஏதோ ஆபீஸ்ல வேலை, ஒரு சிநேகிதர் கூட வீடு எடுத்துத் தங்கியிருக்கான்னு பெருமையா சொல்லிக்கிட்டிருப்பா. அந்தச் சிநேகிதரும் லேசுப்பட்டவர் இல்லையாம், வீடு அவரோடதாம், தம்பியை வாடகையில்லாம வச்சிருக்காராம், ஒரு தடவை இவளுக்குப் போர்வை கூட வாங்கி அனுப்பினாராம். எனக்கும் காட்டினா. நல்ல கனமான போர்வை.

வெயில் கொளுத்துற நாள்ல அந்தத் தம்பி ஒத்தைப் பையோட வந்து இறங்கினான். முழுக்கைச் சட்டை, கழுத்துப் பட்டன் வரைக்கும் போட்டிருந்தான். வேலை பிடிக்கலக்கா, விட்டுட்டேன்னான். இவளுக்குத் தலைகால் புரியல. சமைச்சுக் கொட்டினா. நானும் அன்னிக்கு அங்கதான் சாப்பிட்டேன்.

"இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமாடா?"

"சரிக்கா."

"போதுமா?"

"சரிக்கா."

"என்னடா, வைக்கட்டுமான்னாலும் சரி, போதுமான்னாலும் சரியா? உனக்கு வேணுமா வேணாமா?"

அவன் அக்கா முகத்தையே பாத்தான். அவளுக்கு எந்தப் பதில் பிடிக்கும்னு தேடுற மாதிரி இருந்துச்சு. எனக்கு எரிச்சலாத்தான் வந்துச்சு. முப்பது வயசு ஆம்பளை, தன் வயித்துக்கு வேணுமா வேணாமான்னு சொல்லத் தெரியலையேன்னு. அப்புறம்தான் தெரிஞ்சுது, எரிச்சல்பட வேண்டியது அவன் மேல இல்லன்னு.

சும்மா இருக்க வேணாம்னு கடைக்கார மச்சான் அவனைக் கடையில சேத்துக்கிட்டார். மச்சானுக்கு வாய் ஓயாது. "ஆபீஸ்ல பேப்பரைத் தூக்கினே, இங்க கண்ணாடியைத் தூக்கு. ரெண்டும் கையைக் கிழிக்கும், இது கொஞ்சம் நேர்மையா கிழிக்கும்"னு சொல்லி அவரே சிரிச்சுக்கிட்டார்.

கடையில கண்ணாடி வெட்டுறவர் ஒருத்தர். நாப்பது தாண்டின ஆளு. அவர் பேரு எனக்கே மறந்துபோச்சு, தெருவுக்கு அவர் மெல்லண்ணன். கண்ணாடி தூக்கிட்டுப் போகும்போது "மெல்ல, மெல்ல"ன்னு சொல்லிக்கிட்டே போவார். எப்பப்பா கல்யாணம்னு கேட்டாலும் "மெல்லப் பாப்போம்"பார். கேட்டுக் கேட்டுத் தெருவுக்கே அலுத்துப்போச்சு, அவருக்கு அலுக்கல. மூணு தெரு தள்ளி, ஒரு பழைய கட்டிடத்தோட வெளிப்பக்கப் படியில ஏறினா வர்ற ஒத்தை ரூம்ல தனியா இருந்தார். முன்னாடி கூட ஒருத்தர் தங்கியிருந்தார். அவருக்குக் கல்யாணம் ஆகிப் போயிட்டார். அந்தக் கல்யாணத்துக்கு மெல்லண்ணன் போட்டுக்கிட்ட சட்டையை நான்தான் தைச்சேன். அளவெடுக்கும்போது ஒரு வார்த்தை பேசல. அன்னிக்கே எனக்குக் கொஞ்சம் விளங்கிடுச்சு. விளங்கினதையெல்லாம் சொல்லித் திரியற பழக்கம் எனக்குக் கிடையாது.

கண்ணாடி தூக்குறதுல ஒரு முறை இருக்கு. பெரிய கண்ணாடியைப் படுக்க வச்சுத் தூக்கக் கூடாது, தன் கனத்துலயே ஒடிஞ்சிடும். நிமித்தி வச்சு, முன்னால ஒருத்தர், பின்னால ஒருத்தர், ஒரு கை அடியில, ஒரு கை ஓரத்துல. முன்னால போறவர் "படி"ன்னா பின்னால வர்றவரும் "படி"ன்னு சொல்லணும். "வளைவு"ன்னா "வளைவு". காதுல விழுந்துச்சுன்னு தெரியணும்ல. எல்லாத்துக்கும் மேல ஒரு வார்த்தை, "விட்டேன்". பிடி நழுவுதுன்னு யாருக்குத் தோணினாலும் அப்படிக் கத்திட்டுக் கையை எடுத்துடணும். கேட்டவனும் எடுத்துட்டுப் பின்னால போயிடணும். கண்ணாடி போனா போகுது. பிடிச்சு நிறுத்தப் பாத்தா விரல் போயிடும்.

தம்பிக்கு முதுகுக்குப் பின்னால ஆள் நின்னா ஆகாது. கூசிப் போவான். மெல்லண்ணன் அதைப் பாத்துட்டு ஒண்ணும் கேக்கல, "முன்னால நான் போறேன், எனக்கு அதுதான் பழக்கம்"னு சொல்லிட்டார். நான் மாடியிலேருந்து பாப்பேன். கண்ணாடி தெருவைத் தாண்டிப் போகும். மெல்லண்ணன் சொல்றதும் தம்பி திருப்பிச் சொல்றதும் தெருமுனை வரைக்கும் கேக்கும். அந்தப் பையன் நாள் முழுக்கப் பேசின பேச்சே அவ்வளவுதான்.

ஒரு நாள் அக்காக்காரி அவனை மாடிக்குத் துரத்தி விட்டா, சட்டை தைக்க அளவு குடுக்கணும்னு. கழுத்துல டேப்பைச் சுத்தினேன். மூச்சை அடக்கிக்கிட்டான். கண்ணு எங்கயோ போயிடுச்சு. தோள்பட்டைக்கு அளவு வைக்கும்போது பட்டன் ரெண்டைக் கழட்டச் சொன்னேன். வட்ட வட்டமா தழும்பு. சட்டைப் பட்டன் அளவுக்கு, பக்கத்துப் பக்கத்துல.

"யாரு பண்ணது இது?"

"விழுந்துட்டேன்க்கா."

"வட்டமாவா விழுந்தே?"

வாயால மட்டும் சிரிச்சான். "அக்காகிட்ட சொல்லிடாதீங்க"ன்னான். அவன் கேட்டுக்கிட்டதால சொல்லல. சட்டைக்குக் காலரைக் கொஞ்சம் தளர்த்தி வெட்டினேன். என்னால முடிஞ்சது அதுதான்.

கண்ணாடி உடைஞ்ச அன்னிக்கு நான் பட்டன் தைச்சுக்கிட்டிருந்தேன். கீழேருந்து மெல்லண்ணனோட "விட்டேன்" கேட்டுச்சு. அடுத்து சத்தம் வரணும். உடனே வரல. கொஞ்சம் பொறுத்து வந்துச்சு. ஏதோ தப்புன்னு அந்த இடைவெளியே சொல்லிடுச்சு. கைக்குக் கிடைச்ச துணியை அள்ளிக்கிட்டு ஓடினேன்.

மெல்லண்ணன் விட்டுட்டார். இவன் விடல. ஆள் உயரக் கண்ணாடியை ஒத்தை ஆளா பிடிச்சு நிறுத்தப் பாத்திருக்கான். உள்ளங்கை பிளந்து ரத்தம் ஊத்துது. அதைப் பாக்காம தரையில குந்தி, அதே கையால துண்டு துண்டா பொறுக்குறான். "இப்பவே சுத்தம் பண்ணிடறேன், ஒண்ணுமில்ல, இப்பவே பண்ணிடறேன்"னு ஒரே பேச்சு. யாரும் அவனைத் திட்டல. திட்ட அங்க ஆளே இல்ல.

மெல்லண்ணன் அவன் கிட்ட போகப் பாத்தார். அவன் சுவத்தோட ஒட்டிக்கிட்டான். உடனே நின்னுட்டார். அந்த உடைசலுக்கு நடுவுல, தள்ளியே, தரையில உக்காந்துட்டார். "டெய்லரக்கா, நீங்க கட்டி விடுங்க. நான் இங்கயே இருக்கேன்"னார். நான் கட்டினேன்.

"ஏன்டா விடலை? கத்தினேனே, கேக்கலையா?" மெல்லண்ணன் மெதுவாத்தான் கேட்டார்.

"கேட்டுச்சு."

"அப்புறம்?"

"உடைஞ்சா..." அவ்வளவுதான் சொன்னான். அப்புறம் யாரோ ஒருத்தரைப் பத்திச் சொல்ற மாதிரி சொன்னான். "அந்த வீட்ல ஒரு கப் உடைஞ்சா கூட, ராத்திரி பூரா நிக்கணும். அவர் தூங்குற வரைக்கும் நிக்கணும். சில நாள் அதோட முடியாது."

மெல்லண்ணன் எழுந்திருச்சார். ஓரமா கிடந்த கழிவுக் கண்ணாடி ஒண்ணை எடுத்தார். "இங்க பாரு"ன்னு சொல்லி டிரம்முக்கு மேல பிடிச்சு விட்டார். சிதறுச்சு. உள்ளேருந்து மச்சான் குரல் குடுத்தார்: "என்னய்யா அது?"

"கண்ணாடி உடைஞ்சிடுச்சு முதலாளி."

"ஆளுக்கு ஒண்ணும் இல்லையே?"

"கையில வெட்டு."

"அப்ப ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகாம அங்க என்னய்யா கச்சேரி?"

மெல்லண்ணன் தம்பியைப் பாத்து, "இவ்வளவுதான். உடைஞ்சா இங்க இதுதான் நடக்கும்"னார். தம்பி டிரம்மையே பாத்துக்கிட்டிருந்தான்.

தையல் போட்டுக் கை கொஞ்சம் கூடி வந்தப்புறம் அவங்க ரெண்டு பேருக்கும் ஒரு புதுப் பழக்கம் வந்துச்சு. சாப்பாட்டு வேளையில, கழிவுக் கண்ணாடியை உருக்க அனுப்புறதுக்காக டிரம்முல உடைச்சுப் போடணும். அதைச் சேந்து செய்வாங்க. ஆளுக்கு ஒரு பக்கம் பிடிக்கிறது, "விட்டேன்"னு ஒருத்தர் சொல்றது, ரெண்டு பேரும் கையை எடுக்கிறது. முதல்ல தம்பி ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கிட்டான், கையை எடுக்க நேரமாச்சு. மெல்லண்ணன் அவசரப்படுத்தல. அப்புறம் அப்புறம் அவனே சொல்ல ஆரம்பிச்சான். ஒரு நாள் ஒரு பெரிய துண்டு டிரம்மைத் தாண்டிப் போய் மச்சானோட டிபன் டப்பா மேல விழுந்து டப்பா நசுங்கிப்போச்சு. மச்சான் டப்பாவைத் தூக்கிப் பாத்து, "இதுக்கும் பயிற்சியாடா?"ன்னார். தம்பி சிரிச்சான். பல்லு தெரிஞ்ச சிரிப்பு. மெல்லண்ணன் அந்தச் சிரிப்பைப் பாத்த பார்வை இருக்கே, மாடியிலேருந்து பாத்த எனக்கே நெஞ்சு வலிச்சுது. என்னை யாரும் அப்படிப் பாத்ததில்ல. அதனாலயே அது என்ன பார்வைன்னு எனக்கு நல்லாத் தெரியும்.

அடுத்த வாரம் மெல்லண்ணன் தைக்கக் குடுத்த பேன்டை வாங்க வந்தார். நேராவே கேட்டேன்.

"அவனைப் பிடிச்சிருக்கா உனக்கு?"

பேன்டை மடிச்சார். திருப்பி மடிச்சார். "பிடிச்சிருக்கு"ன்னார்.

"அவன்கிட்ட சொன்னியா?"

"இல்ல."

"ஏன், தெருவுக்குப் பயமா?"

"அது இருக்கத்தான் செய்யுது. ஆனா அதுக்காக இல்ல. நான் சொன்னா அவன் சரின்னுடுவான்க்கா. யார் என்ன சொன்னாலும் சரிங்கறான். அந்தச் சரி எனக்கு வேண்டாம்."

"அப்போ என்னதான் பண்ணப் போற?"

"கண்ணாடி தூக்கிக்கிட்டிருக்கேன்."

"நல்லாத் தூக்கினே போ. உன் ரூம்ல போய் ஒத்தையில கிட. எனக்குத் தெரியும் அது எப்படி இருக்கும்னு. சாயங்காலம் ஆனா சுவர்கூட பேசாது."

"தெரியும்க்கா"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போனார்.

இதுக்கு நடுவுலதான் கீழ்வீட்டுக்காரி தன் வேலையைக் காட்டினா. தம்பி சாயங்காலம் ஆனா கதவு மூலையில உக்காந்துக்கிட்டுச் சும்மா தெருவையே பாக்குறான், யாரோடயும் சேர மாட்டேங்கறான், சிநேகிதரோட ஏதோ மனஸ்தாபம் போலிருக்கு, அவரைப் பிரிஞ்ச ஏக்கம்தான்னு இவளே முடிவு பண்ணிட்டா. தம்பிகிட்ட சொல்லாம அந்த ஆளுக்குப் போன் போட்டா. அவர் போன்லயே அழுதாராம். அதைக் கேட்டு இவளும் அழுதாளாம். ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு வாங்கன்னு கூப்பிட்டா.

அந்த ஞாயித்துக்கிழமைதான் எனக்கு வந்து சொல்றா. "சண்டையைத் தீத்து வச்சிட்டா பையன் தெளிஞ்சிடுவான் டெய்லரக்கா." இவகிட்ட சொல்லாதேன்னு அவன் கேட்டிருந்தான். சொல்ல வாயெடுக்கிறதுக்குள்ள கீழ கார் வந்து நின்னுச்சு.

பாக்க லட்சணமா இருந்தார். நரை லேசா கலந்த முடி, மென்மையான பேச்சு, கையில பழக்கூடை. மச்சானை அண்ணாங்கறார், இவளை உடன்பிறந்தவ மாதிரி விசாரிக்கிறார். தம்பி அறைக்குள்ளேருந்து வந்து அவரைப் பாத்தான். முகத்துல ரத்தமே இல்ல. அப்படியே நின்னான்.

"இளைச்சுட்டியே"ன்னார் அவர். "கையில என்ன காயம்? நான் இல்லாட்டி இப்படித்தான். சாப்பிட்டுட்டுக் கிளம்பலாமா?"

"சரி"ன்னான் தம்பி.

அக்காக்காரி முகம் பூரிச்சுப்போச்சு. உள்ள போய்த் தம்பியோட பையை எடுத்து அவன் துணியெல்லாம் மடிச்சு வச்சா. நான் தைச்ச புதுச் சட்டையும் அதுக்குள்ள போச்சு. எனக்கு அங்க நிக்க முடியல. மெல்லண்ணன் ரூமுக்கு ஓடினேன். ஓடி ரொம்ப வருஷமாச்சு, படியேறும்போது மூச்சு வாங்கிடுச்சு.

விஷயத்தைச் சொன்னேன். சவரம் பண்ணிக்கிட்டிருந்தவர் பாதி முகத்தோட நின்னார்.

"போய் ஏதாவது சொல்லேன்யா. போகாதேன்னு சொல்லு. நீ சொன்னா நிப்பான்."

"நிப்பான்க்கா. அவர் வான்னு இழுத்தா போறான், நான் நில்லுன்னு இழுத்தா நிக்கிறான். அப்புறம் அவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

"நியாயம் பேசுற நேரமாய்யா இது? அங்க பை கட்டியாச்சு."

முகத்தைத் துடைச்சுக்கிட்டு என்கூட வந்தார்.

நாங்க போனப்போ அந்த ஆள் சாப்பிட்டுக்கிட்டிருந்தார். மச்சான் எதுத்தாப்புல. தம்பி பக்கத்துல நின்னு தண்ணி ஜாடியோட பரிமாறிக்கிட்டிருந்தான். மெல்லண்ணன் நிலையைத் தாண்டி உள்ள வரல. வாசல்ல நின்னே தம்பியைப் பாத்துக் கேட்டார்.

"நாளைக்குக் காலையில அந்தப் பெரிய கடைக்கு முகப்புக் கண்ணாடி போடணும். கண்ணாடிக்கு ரெண்டு ஆள் வேணும். நீ வர்றதா இருந்தா வா. வரலேன்னா வேற ஆள் பாத்துக்குவேன், அதுல ஒண்ணும் கோபமில்ல. எதுன்னு நீ சொல்லணும், அவ்வளவுதான்."

அந்த ஆள் சிரிச்சார். "அவன் எங்கங்க வரப் போறான். நாங்க கிளம்பிட்டோம். தண்ணி ஊத்துப்பா."

அடிபட்ட கையில ஜாடி சரியா நிக்கல. டம்ளர் கவுந்து தண்ணி அந்த ஆள் மடியில கொட்டிடுச்சு. அவர் கையைத் தூக்கினார். அடிக்க இல்ல, சட்டையை உதறிக்கத்தான். ஆனா தம்பி ஜாடியைப் போட்டுட்டு அப்படியே தரையில சுருண்டுட்டான். ரெண்டு கையும் தலை மேல. "மன்னிச்சிடுங்க, இனிமே பண்ண மாட்டேன், மன்னிச்சிடுங்க, அக்கா முன்னால வேண்டாம்."



"சரியான பயந்தாங்கொள்ளி"ன்னார் அந்த ஆள், எங்க எல்லாரையும் பாத்துச் சிரிச்சுக்கிட்டு. "எப்பவும் இப்படித்தான்."

கீழ்வீட்டுக்காரி கரண்டியும் கையுமா நின்னுக்கிட்டிருந்தா. தம்பியைப் பாத்தா. அவன் கழுத்துப் பட்டனைப் பாத்தா. வெயில் நாள்ல வந்த அன்னிலேருந்து அவ பாத்ததையெல்லாம் அப்பத்தான் பாக்குறாள்னு எனக்குத் தெரிஞ்சுது.

"எழுந்திருங்க"ன்னா.

"என்னம்மா?"

"சாப்பிட்டது போதும். கையைக் கழுவிட்டுக் கிளம்புங்க."

பாதித் தட்டுல சோறு இருக்கும்போது ஒரு மனுசனை எழுப்பி விடுற பொம்பளை இல்ல அவ. பிச்சைக்காரனைக் கூட ரெண்டாவது தடவை வேணுமான்னு கேப்பா. அந்த ஆள் எழுந்திருச்சார். அப்பவும் குரல் மென்மையாத்தான் இருந்துச்சு. தம்பியைக் குனிஞ்சு பாத்து, "நீ வர்றியா? யோசிச்சுச் சொல்லு. நான் திரும்ப வர மாட்டேன்"னார்.

தம்பி தரையிலேருந்து நிமிந்தான். மெல்லண்ணனைப் பாத்தான். மெல்லண்ணன் வேணும்னே பார்வையைத் தெருப்பக்கம் திருப்பிக்கிட்டார். எனக்கு அவரை அறையலாம்னு வந்துச்சு. தம்பி சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு எழுந்தான்.

"எனக்கு நாளைக்கு வேலை இருக்கு"ன்னான். குரல் உடைஞ்சுதான் வந்துச்சு. ஆனா வந்துச்சு.

அப்பத்தான் அந்த ஆள் முகம் மாறுச்சு. "உங்க தம்பி எப்படிப்பட்டவன்னு தெரியுமா உங்களுக்கு? எனக்கு அவன் யாரா இருந்தான்னு சொல்லட்டுமா?"ன்னு அக்காக்காரிகிட்ட திரும்பினார்.

"அவன் சொன்னா கேட்டுக்கறேன். நீங்க சொல்ல வேண்டாம்."

மச்சான் அதுவரைக்கும் வாயே திறக்கல. போய் வாசல்ல கிடந்த அந்த ஆளோட செருப்பைக் காலால நகத்தி, தெருவைப் பாத்துத் திருப்பி வச்சார். கூடவே பழக்கூடையையும் எடுத்துக் கையில குடுத்தார்.

அதோட எல்லாம் சுகமா முடிஞ்சிடுச்சுன்னு நினைச்சா, நீங்க குடும்பத்துல இருந்தவங்க இல்ல. அன்னிக்குச் சாயங்காலம் தம்பி அக்காகிட்ட எல்லாத்தையும் சொன்னான். அடிச்சதையும் சொன்னான், அதுக்கு முன்னாடி அந்த ஆள் மேல எவ்வளவு ஆசைப்பட்டான்னும் சொன்னான். முதல் பாதிக்கு அவ மாரடிச்சு அழுதா. ரெண்டாம் பாதிக்குப் பேச்சை நிறுத்திட்டா. தட்டுல சோறு வைப்பா, அவன் முகத்தைப் பாக்க மாட்டா. அவனும் குனிஞ்ச தலை நிமிராம சாப்பிட்டுட்டுப் போவான். ஒரே வீட்ல இருந்துக்கிட்டு ஆளுக்கு ஒரு ஊர்ல இருந்தாங்க. அந்த நாள்ல தம்பி என் மாடிப்படியில வந்து உக்காந்திருப்பான். உள்ள கூப்பிட்டா வர மாட்டான். என் மிஷின் சத்தத்தைக் கேட்டுக்கிட்டுச் சும்மா இருப்பான்.

ஒரு மத்தியானம் அவ ஏறி வந்தா. "நான்தானே டெய்லரக்கா போன் போட்டேன்"னு விசும்பினா. அப்புறம், "ஆம்பளையும் ஆம்பளையும்னா... எனக்கு அது விளங்கவே மாட்டேங்குது"ன்னா.

"விளங்கலேன்னா விடு. அவன் முகத்தைப் பாத்துச் சோறு போடுறதுக்கு அது விளங்கித்தான் ஆகணுமா?"

"அப்போ அந்த மெல்லண்ணன்?"

"என்னைக் கேட்டா? உன் தம்பியைக் கேளு."

கேட்டிருக்கா. "தெரியலக்கா. அவர் எதுவும் கேக்கல"ன்னிருக்கான். "கேக்காத ஆளையா உனக்குப் பிடிக்கணும்?"னு இவ முணுமுணுத்திருக்கா. முணுமுணுத்தாலும் முகத்தைப் பாத்து முணுமுணுத்தாளாம். தம்பி எனக்கு வந்து சொன்னான், ஏதோ பரிசு கிடைச்சவன் மாதிரி.

கடைசியில தம்பிதான் கேட்டான். கடை முன்னால, கையுறையைக் கழட்டிக்கிட்டே, "நான் உங்ககூட வந்து இருக்கலாமா?"ன்னு. மெல்லண்ணன் ரொம்ப நேரம் பதில் சொல்லல. "அடச்சீ, சொல்லித் தொலையேன்"னு நான் மாடியில பல்லைக் கடிச்சேன். "ரூம் சின்னது"ன்னார். "தெரியும்"னான் அவன். மழை தொடங்கின வாரம் அதே ஒத்தைப் பையோட போனான். அக்காக்காரி ரெண்டு தலையணை குடுத்தனுப்பினா. அந்தக் கனத்த போர்வையை மட்டும் கிழிச்சுத் தரை துடைக்கப் போட்டா.

தெரு பேசுச்சு. பேசட்டும்னு விட்டாங்க. ரெண்டு மூணு பேர் கடைக்கு வர்றதை நிறுத்தினாங்க, கண்ணாடி உடைஞ்சதும் திரும்ப வந்தாங்க.

எனக்குக் கீழ சாப்பாட்டு வேளையில அவங்க குரல் கேக்கும், சாயங்காலம் கேக்காது. மாடிப்படி காலியா கிடந்துச்சு. அவனுக்கு நல்லதுதானேன்னு சொல்லிக்குவேன். சொல்லிக்கிட்டு மிஷினை மிதிப்பேன்.

மழை விடாம பேஞ்ச ஒரு சாயங்காலம், தைச்சு வச்ச சட்டை ரெண்டைக் குடுக்கலாம்னு அவங்க ரூமுக்குப் போனேன். சட்டை ஒரு சாக்கு. வெளிப்படியில, கீழ்க்கடைசிப் படியில மெல்லண்ணன் உக்காந்திருந்தார். தொப்பலா நனைஞ்சிருந்தார். மேல கதவு திறந்திருந்துச்சு, விளக்கு எரிஞ்சுது.

"என்னய்யா இது கோலம்?"

"கத்திட்டேன்க்கா."

"யாரை?"

"யாரையும் இல்ல. அடுப்புல பாத்திரம் கையைச் சுட்டுடுச்சு. சனியனேன்னு கத்தி மூடியை விட்டெறிஞ்சிட்டேன். திரும்பிப் பாத்தா அவன் அலமாரிக்கும் சுவத்துக்கும் நடுவுல போய் நின்னுட்டான்." கையை விரிச்சுக் காட்டினார். விரல் சிவந்து கொப்புளிச்சிருந்துச்சு. அதை அவர் பாக்கக்கூட இல்ல. "அந்த ரூமுக்கு ஒரே வாசல்க்கா. நான் உள்ள இருந்தா அவன் என்னைத் தாண்டித்தான் வெளிய போகணும். அதான் நான் வந்துட்டேன். கதவைத் திறந்தே வச்சிருக்கேன். போகணும்னா போகட்டும்."

"போயிட்டா?"

முகத்தைத் திருப்பிக்கிட்டார். நாப்பது வயசுக்கு மேல ஒரு மனுசன் மழையில உக்காந்து அழுதா பாக்குறவங்க மழைத்தண்ணின்னே நினைச்சுக்குவாங்கன்னு இருந்தார் போல. நான் குடையை அவர் பக்கம் சாச்சேன். வேற என்ன பண்றதுன்னு தெரியல. மேல ஏறிப் போய்ப் பாக்கவும் பயமா இருந்துச்சு.

எவ்வளவு நேரம் நின்னோமோ. மேல காலடிச் சத்தம் கேட்டுச்சு. தம்பி வாசல்ல வந்து நின்னான். கையில பை இருக்கான்னுதான் நான் முதல்ல பாத்தேன். கரண்டி இருந்துச்சு. உடம்பு இன்னும் நடுங்கிக்கிட்டுத்தான் இருந்துச்சு, நிலைச்சட்டத்தைப் பிடிச்சிருந்தான்.

"மூடியை யாரு எறிஞ்சா?"ன்னான். தெருவுக்கே கேட்டிருக்கும். "நெளிஞ்சு போயிடுச்சு, இனிமே அந்தப் பாத்திரத்துக்கு எதைப் போட்டு மூடுறது? சுட்ட கையைத் தண்ணியில வைக்கணும்னு அறிவு இல்ல? மழையில போய் உக்காந்துக்கிட்டா ஆறிடுமா? காய்ச்சல் வந்தா யாரு பாக்குறது, நான்தானே? சோறு ஆறுது. மேல வாங்க முதல்ல."

அந்தக் குரலை நான் அதுவரைக்கும் கேட்டதே இல்ல. மெல்லண்ணன் படியைப் பிடிச்சு எழுந்தார். "வர்றேன், வர்றேன், திட்டாதே"ன்னார்.

"திட்டத்தான் செய்வேன்"னான் அவன்.

மெல்லண்ணன் திரும்பி என்னைப் பாத்தார். முகம் பூரா தண்ணி. "கேட்டீங்களாக்கா"ன்னார். கேட்டேன்யா, போன்னேன். ஒவ்வொரு படியா ஏறினார், மேல போற வரைக்கும் அவன் திட்டிக்கிட்டே இருந்தான்.

சட்டை ரெண்டும் என் கையிலயே இருந்துச்சு. குடுக்கலாம்னு தோணல, நாளைக்குக் குடுத்துக்கலாம். குடையைப் பிடிச்சுக்கிட்டு நடந்தேன். வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டேன், ஒரு டம்ளர் டீ போட்டேன், குடிச்சேன். என்னைத் திட்ட யாரும் இல்ல.